தைத்து மூடிய மூன்றாவது பை

மதுரையில், கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு வளையல் கடையின் பின்னறையில் நின்றுகொண்டு என் உள்பாவாடைத் தையலைச் சவர அலகால் பிரித்துக்கொண்டிருந்தேன். அறை முழுக்க வைக்கோல் வாடை. வளையல் பெட்டிகளுக்குள் வைத்து அனுப்பும் வைக்கோல் மூலையில் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது.

கடைக்கார அம்மாள் நல்ல மனுஷி. "மெதுவா இரும்மா, ஒண்ணும் அவசரமில்ல" என்று திரைக்கு அந்தப் பக்கமிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு வயிற்றுக் கோளாறு என்று நினைத்தாரோ என்னவோ.

தையல் லேசில் பிரியவில்லை. போட்டவர் பதுளை பஸாரில் பேர்போன தையல்காரர். திரைக்கு வெளியே செருமிக்கொண்டு நின்றவரும் அவர்தான், என் கணவர்.

"பிரிச்சிட்டியா?"

"இருங்க. ஒங்க தையலு நெனச்சவொடன வந்துருமா?"

"எல்லாத்தையும் எடு. ஒண்ணும் மிச்சம் வைக்காத. இன்னைக்கே செலவழிச்சிரணும்."

செலவழிக்க வேண்டும் என்று அந்த மனிதர் வாயால் சொல்லி நான் கேட்டது அன்றுதான். சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய வார்த்தை. எனக்கு அலகு வழுக்கி விரலில் பட்டுவிட்டது.

வெளிநாடு என்றால்

பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "பதுளையை விட்டால் வேறு இடமே உங்களுக்கு எழுத வராதா? வெளிநாடு ஏதும் போனதில்லையா?" போயிருக்கிறேன் அம்மா. ஒரே ஒரு தடவை. குடும்பத்தோடு உல்லாசப் பயணம் என்றுதான் அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டுப் போனோம். போன நாடு இந்தியா.

சிரிக்காதீர்கள். எங்களை "இந்தியாக்காரர்" என்று இங்கே இலங்கையில் கூப்பிட்டார்கள். அந்த இந்தியாவுக்குப் போக எங்களுக்குக் கடவுச்சீட்டு வேண்டியிருந்தது. கடவுச்சீட்டுக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் வேண்டும், அந்தப் பத்திரத்துக்கு இன்னொரு பத்திரம் வேண்டும். கந்தோர் கந்தோராக இவர் ஏறி இறங்கியதில் ஒரு வருஷத்துக்கும் மேல் ஓடிவிட்டது. அந்த ஒரு வருஷம் என்ன செய்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கூப்பன் அரிசிக் காலம் முடிந்து, கடைகளில் மறுபடி சாமான்கள் வந்து குவிந்த புதிது. எங்கள் மகள் செல்விக்கு அப்போது பத்து வயதிருக்கும். கடலையே பார்த்திராத பிள்ளை. கப்பல், பெரிய பாலம், மதுரைக் கோயில் என்று அவள் கண்ட கனவுகளுக்குக் கணக்கில்லை. ஆனால் இவருக்கு அந்தப் பயணத்தில் ஒரே ஒரு காரியந்தான்.

ஒப்பாரிக் கோச்சி

இவருக்கு ஒரே தங்கை, பவளம். நமுனுகுலைத் தோட்டத்து லய வரிசை வீட்டில் இருவரும் பிறந்தவர்கள். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போய்விட, தங்கையை வளர்த்து, கட்டிக்கொடுத்து, அதன் பிறகுதான் இவர் டவுனுக்கு வந்து தையல் மெஷின் போட்டார்.

இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு ஆட்களைப் பிரித்துக்கொண்ட காலத்தில் நாங்கள் இந்தப் பக்கம் விழுந்தோம், பவளத்தின் புருஷன் வீட்டார் இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்கள். அவளை யாரும் கேட்கவில்லை.

ஆட்களை ஏற்றிக்கொண்டு, கப்பல் புறப்படும் தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலுக்கு மலைநாட்டில் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். சும்மா வைத்த பெயரில்லை. பதுளை ஸ்டேஷனில் அன்று எழுந்த அழுகை இப்போதும் சில மழைநாட்களில் என் காதுக்குள் கேட்கிறது. பவளம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மடியில் மூன்று வயது கோமதி, கையில் ஒரு மாரி பிஸ்கட்டோடு.

"அண்ணே, இவ பெரியவளானா நீதான் வந்து தண்ணி ஊத்தணும். வேற யாரும் நிக்கப்படாது."

"வருவேன். கட்டாயம் வருவேன்."

இவர் கோச்சியோடு கூடவே ஓடினார். பிளாட்பாரம் முடிகிற இடம்வரை "வருவேன், வருவேன்" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

எங்கள் ஆட்களுக்குள் தாய்மாமன் வராமல் பெண்பிள்ளைக்குச் சடங்கு கிடையாது. பச்சை ஓலையில் குடிசை கட்டுவது, புதுத்துணி கொடுப்பது, தட்டில் பணம் வைப்பது எல்லாம் மாமன் சீர். மாமன் இல்லாத பிள்ளை என்றால் சபையில் அந்தத் தாய்க்குத் தலை குனிவு. அதனால் கோமதி பெரியவளாகிவிட்டாள் என்று பவளத்தின் கடிதம் வந்த அன்றே இவர் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்துவிட்டார். தண்ணீர் ஊற்றுவதை அண்ணன் வரும்வரை நிறுத்திவைக்கிறேன் என்று அவள் சொல்லியிருந்தாள். பிள்ளையின் மார்பளவைச் சுற்றி எடுத்த நூல் ஒன்றும் கூடவே வந்தது. அந்த அளவுக்கு ரவிக்கை தைத்தார், பட்டுப் பாவாடை தைத்தார். கடவுச்சீட்டு மட்டும் வரவில்லை.

மூன்று பைகள்

இனிப் பண விஷயம். அந்தக் காலத்தில் வங்கியில் ஆளுக்கு இவ்வளவு என்று அளந்துதான் இந்தியக் காசு தருவார்கள். சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்குமே அது காணாது. இதில் சீர் எப்படிச் செய்வது?

பக்கத்து ஜவுளிக்கடை முஸ்லிம் நானாதான் வழி சொன்னார். "தம்பி, காசக் கொண்டு போக ஏலாது. சாமானக் கொண்டு போங்க. ராமேஸ்வரத்துல எறங்கினவொடன வாங்க ஆள் நிப்பாங்க."

இவர் பல வருஷம் சேர்த்ததெல்லாம் கராம்பாகவும் வாசனைச் சவர்க்காரமாகவும் நைலெக்ஸ் சேலையாகவும் மாறியது. கப்பலில் நான் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சேலை உடுத்திக்கொண்டு நின்றேன். கடல் காற்றுக்குக்கூட வேர்த்தது. "அம்மா, ஏன் குண்டாயிட்டீங்க?" என்று செல்வி சத்தமாகக் கேட்டுவைத்தாள். சுங்க அதிகாரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டது எங்கள் நல்லகாலம்.

நானா சொன்னபடியே ஆட்கள் நின்றார்கள். விற்று முடித்த கையோடு, ராமேஸ்வரத்துச் சத்திரத்தில் இவர் ஊசி நூலை எடுத்துவிட்டார். என் உள்பாவாடைக்குள் மூன்று பைகள் வைத்துத் தைத்திருந்தார். சாப்பாட்டுப் பைக்குப் பொத்தான், பயணப் பைக்குக் கொக்கி. மூன்றாவது பை சீருக்கு. பணத்தை உள்ளே வைத்து, வாயை இரட்டை நூலால் தைத்து மூடினார்.

"இதுக்குப் பொத்தான் வேணாமா?"

"பொத்தான் இருந்தா கை போகும். பவளம் வீட்டுலதான் இத அவுக்கணும்."

அதன் பிறகு நடந்தது உல்லாசப் பயணமா என்று நீங்களே சொல்லுங்கள். காலையில் இட்லி, பிறகு ராத்திரிதான் சாப்பாடு. ராமேஸ்வரத்தில் சங்கு பதித்த சின்னக் கண்ணாடி ஒன்றைச் செல்வி கேட்டாள். "திரும்பி வரும்போது" என்றேன். மதுரையில் ரயில் மாறக் காத்திருந்த பொழுதில் சிவப்புக் கண்ணாடி வளையல் கேட்டாள். "திரும்பி வரும்போது" என்றேன். மேட்டுப்பாளையத்தில் பலாச்சுளை விற்றார்கள். மணம் மூக்கைத் துளைத்தது. பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள், கேட்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நடக்கும்போதெல்லாம் அந்தப் பை என் தொடையில் உரசிக்கொண்டே வந்தது.

சுவரில் ஒரு படம்

பவளம் இருந்தது கோத்தகிரிப் பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத்தில். பஸ்ஸை விட்டு இறங்கியதும் குளிரும் பச்சை வாடையும் முகத்தில் அடித்தன. நமுனுகுலைக்குத் திரும்பி வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் தோன்றியது. எங்கள் பையில் பதுளைத் தேயிலைத் தூள் ஒரு கிலோ. தேயிலைத் தோட்டத்துக்குத் தேயிலை கொண்டுபோன கெட்டிக்காரர்கள் நாங்கள்.

மலையிலிருந்து கொழுந்துக் கூடையோடு வந்த பவளம் எங்களைப் பார்த்ததும் கூடையை அப்படியே போட்டுவிட்டாள். அண்ணனும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுததை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் பாதியில் நின்றுவிடுவேன்.

வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, தேத்தண்ணி கைக்கு வந்த பிறகுதான் இவர் கேட்டார்.

"புள்ளைக்கு நாள் பாத்துட்டியா? நாங்க ரெண்டு கெழமை நிப்போம்."

பவளம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கண் போன பக்கம் நாங்களும் பார்த்தோம். சுவரில் கண்ணாடி போட்ட படம் ஒன்று தொங்கியது. மாலை போட்டு, பூ வைத்து, பட்டு உடுத்திக் கோமதி உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் தட்டை ஏந்திக்கொண்டு, தலைப்பாகை கட்டிய ஒருவர். மாமன் நிற்க வேண்டிய இடத்தில்.

"ஒரு வருஷம் பாத்தேண்ணே" என்றாள் பவளம். "கொழுந்து எடுக்கிற எடத்துல, தண்ணிக் கொழாயில, எங்க போனாலும் கேட்டாளுங்க. 'சிலோன்லருந்து ஒன் அண்ணன் நீந்தி வாறானா'ன்னு கேட்டாளுங்க. புள்ள வெளிய தல காட்ட மாட்டேன்னுட்டா. ஒனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

படத்தில் இருந்தவர் அடுத்த வீட்டு ஆறுமுகம். லுணுகலைப் பக்கத்திலிருந்து அதே ஒப்பாரிக் கோச்சியில் போனவர்தான். சாயங்காலம் தயங்கித் தயங்கி வாசலில் வந்து நின்றார்.

"நான் ஒங்க எடத்துல நின்னுட்டேங்க. தப்பா நெனைக்காதீங்க. பொம்பள அழுதுச்சு, பாத்துக்கிட்டு இருக்க முடியல."

இவர் எழுந்து போய் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார். "தப்பு என்னங்க. நீங்க நின்னதுனாலதான் என் தங்கச்சி தல நிமிந்துச்சு." குரல் ஒரு துளிகூட நடுங்கவில்லை. நான் அவரோடு குடும்பம் நடத்துகிறவள். அந்த நிதானம்தான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆறுமுகம் போன பிறகு, இவர் சீர்ப் பணத்தை வாங்கிக்கொள்ளச் சொன்னார். பவளம் தலையை ஆட்டி மறுத்தாள்.

"அவரு கடன் வாங்கிச் செஞ்சாருண்ணே. இப்ப நீ குடுத்து நான் வாங்கிக்கிட்டா, அவரு செஞ்சது இல்லேன்னு ஆயிரும். ஒரு புள்ளைக்கு ரெண்டு தரம் தண்ணி ஊத்த முடியாது."

"அப்ப சும்மா வச்சுக்க. செலவுக்கு."

"வேணாண்ணே. காசக் குடுத்து அத நெறப்ப வேணாம். கோமதி கல்யாணத்துக்கு வா. மாமன் மொய்யி ஒன்னோடது. அதுக்கு வேற ஒருத்தர நான் கூப்பிட மாட்டேன்."

தைத்துக் கொண்டுபோன ரவிக்கையை மட்டும் பிள்ளை போட்டுப் பார்த்தாள். பொத்தான் சேரவில்லை. நூலளவு வந்த பிறகு அவள் ஒரு வருஷம் வளர்ந்திருந்தாள். நல்ல தையல்காரர்கள் உள்ளே துணி விட்டுத்தான் தைப்பார்கள். வாசலில் வெளிச்சம் போகும்வரை உட்கார்ந்து, இரண்டு பக்கமும் பிரித்து, கையாலேயே தைத்து விட்டுக்கொடுத்தார். கோமதி அதைப் போட்டுக்கொண்டு வந்து காலில் விழுந்தாள். "சிலோன் மாமா" என்று கூப்பிட்டாள். ஆறுமுகம்தான் அவளுக்கு வெறும் மாமா.

செலவு

திரும்பி வரும் வழியில் மதுரையில் இறங்கியதும்தான் இவர் வாயைத் திறந்தார். கொண்டுபோக முடியாத காசு, பதுளையில் செல்லாத காசு, யாருக்காக வைத்திருப்பது என்றார். கடைக்குள் போய் ஒரு சவர அலகு வாங்கிக் கையில் கொடுத்தார். வளையல் கடைப் பின்னறைக்கு நான் போனது அப்படித்தான்.

அந்தப் பிற்பகலில் அவர் வாங்கியதையெல்லாம் சொன்னால் நம்பமாட்டீர்கள். செல்விக்கு இரண்டு கையிலும் முழங்கைவரை சிவப்பு வளையல். கண்ணை மூடித் திறக்கும் பொம்மை. எனக்குச் சுங்குடிச் சேலை. அல்வா, பால்கோவா, ஜிகர்தண்டா. ஓட்டலில் மேசை கொள்ளாமல் பலகாரம். பார்ப்பவர்கள் எங்களைப் பெரிய பணக்காரர்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். "இன்னும் என்னம்மா வேணும்? கேளு. கேளும்மா" என்று அவர் கேட்கக் கேட்க, செல்வி உதட்டைக் கடித்துக்கொண்டே வந்தாள். கடைசியில் நடுத்தெருவில் விம்மிவிட்டாள்.

"எனக்கு ஒண்ணும் வேணாம் அப்பா. வீட்டுக்குப் போவோம்."

இவர் அங்கேயே, ஒரு செருப்புக் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். கோத்தகிரியில் வராத அழுகை அங்கே வந்தது. நானும் பிள்ளையும் இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டோம். கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. அல்வாப் பொட்டலத்தின் நெய் என் சேலையில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கறை கடைசிவரை போகவில்லை.

மறுநாள் ராமேஸ்வரத்துச் சத்திரத்தில் அவர் மறுபடி ஊசியைக் கேட்டார். எஞ்சியதில் நூறு ரூபாய்த் தாள் ஒன்றையும் ஒரு ரூபாய் நாணயம் ஒன்றையும் எடுத்து, அதே மூன்றாவது பைக்குள் வைத்துத் தைத்தார்.

"இது கல்யாணத்துக்கு" என்றார்.

மொய்

வளையல்கள் ஒவ்வொன்றாக உடைந்து போயின. செல்வி சேலை கட்டும் அளவுக்கு வளர்ந்துவிட்டாள். கோமதி கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தபோது கப்பல் நின்றுபோயிருந்தது. ஏன் நின்றது என்று இதைப் படிக்கும் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. விமானத்தில் போக எங்களிடம் வசதியில்லை. எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு, பஸாரில் எங்கள் கடை இருந்த இடத்தில் கருகிய சுவர்தான் நின்றது. வீட்டு முன்னறையில் மெஷினைப் போட்டுக்கொண்டிருந்தோம். வீட்டுக்குள்கூடத் தாழ்ந்த குரலில்தான் தமிழ் பேசினோம். தெருப்பக்கக் கதவு பகலிலும் சாத்தியே இருக்கும்.

முகூர்த்தத்தன்று காலையில் இவர் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசிக்கொண்டார். என்னிடம் அந்த உள்பாவாடையைக் கேட்டார். நான் அதை அதன் பிறகு உடுத்தவே இல்லை, பெட்டிக்குள் வைத்திருந்தேன். தையலைத் தானே பிரித்தார். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, மேலே அந்த நூற்றியொரு ரூபாயை வைத்து, சாமி படத்துக்கு முன்னால் ஏந்திக்கொண்டு நின்றார்.

பிறகு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. எங்கள் கல்யாணங்களில் மொய்யைத் தட்டில் வைத்தால் மட்டும் போதாது. ஒருவர் எழுந்து நின்று, யார், என்ன முறை, எவ்வளவு என்று சபை கேட்கக் கூவிச் சொல்ல வேண்டும். கூவாத மொய் மொய்யில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

செல்விதான் அடுப்படியிலிருந்து வந்தாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அப்பாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"நமுனுகுலத் தோட்டம் செல்லையா. பொண்ணுக்குத் தாய்மாமன். மொய் நூத்தியொரு ரூவா."

பக்கத்து வீட்டில் யாரோ ரேடியோவைக் குறைத்தார்கள். இவர் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இன்னொரு தடவ சொல்லும்மா" என்றார்.

செல்வி போய்த் தெருப்பக்கக் கதவைத் திறந்துவைத்துவிட்டு வந்து, இன்னும் சத்தமாகச் சொன்னாள்.